போளூருக்குத் தேவைப்படாத ஒரு மணி நேரம்

கடிகாரத்தை ஆண்டுக்கு இருமுறை மாற்றி வைக்கும் வழக்கம் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நூறாண்டுக்கு மேலாக நிலவி வருகிறது. மார்ச் மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் முள்ளை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவதும், இலையுதிர் காலத்தில் அதைப் பழைய இடத்துக்கே திருப்புவதுமான இந்த ஏற்பாட்டைப் பகலொளி சேமிப்பு நேரம் என்றும், சுருக்கமாகக் கோடை நேரம் என்றும் குறிப்பிடுவர். ஜவ்வாது மலைக்குக் கிழக்கே சமவெளியில் அமைந்த போளூருக்கு இவ்வழக்கம் முற்றிலும் அயலானது போலத் தோன்றினாலும், அவ்வூரின் கடிகாரங்களும் ஒரு காலத்தில், அதுவும் தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு மேலாக, ஒரு மணி நேரம் முன்னால் ஓடியிருக்கின்றன. அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது பருவமன்று, போர்.

கடிகாரத்தைத் திருத்துவது ஒரு நாட்டுக்குப் பயன் தருமா என்பதை முதலில் முடிவு செய்வது அந்நாடு நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே ஆகும். பூமியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்திருப்பதால், வடக்கே செல்லச் செல்லக் கோடையில் பகல் நீண்டும் குளிர்காலத்தில் குறுகியும் போகிறது. போளூர் 12.5 பாகை வட அட்சத்தில் உள்ளது. அங்கே ஆண்டின் மிக நீண்ட பகலான ஜூன் 21 அன்று சூரியன் காலை 5.50 அளவில் எழுந்து மாலை 6.41க்கு மறைகிறது, மிகக் குறுகிய பகலான டிசம்பர் 21 அன்று 6.30க்கு எழுந்து 5.53க்கு மறைகிறது. இவை தடையற்ற தொடுவானத்தைக் கொண்டு போட்ட கணக்குகள். மேற்கே மலை மறிப்பதால் ஊரில் பொழுது சாய்வது இதைவிடச் சற்று முந்தும். இரு பகல்களுக்கும் இடையிலான வேறுபாடு ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. லண்டனிலோ ஜூன் மாதப் பகல் 16 மணி 38 நிமிடம் நீள, டிசம்பர் மாதப் பகல் 7 மணி 50 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

இவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வுள்ள ஊரில் கடிகாரத்தை அசைக்காமல் வைத்திருந்தால் ஜூன் மாதத்தில் அதிகாலை 3.43 மணிக்கே விடிந்துவிடும். மக்கள் ஏழு மணிக்கு எழுவதை மாற்றிக்கொள்ளாத வரையில், ஏறக்குறைய மூன்றேகால் மணி நேர வெளிச்சம் மூடிய திரைச்சீலைகளுக்கு வெளியே யாருக்கும் பயன்படாமல் கழியும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தால் விடியல் 4.43 ஆகிறது, அந்த ஒரு மணி நேரம் மாலைக்குப் போய்ச் சேர்ந்து, இரவு 9.21 வரை வெளிச்சம் நிற்கிறது. சூரியன் தன் வழக்கப்படியே எழுந்து மறைய, அலுவலகமும் பள்ளியும் கடையும் மட்டும் ஒரே ஆணையில் ஒரு மணி நேரம் முந்திக்கொள்கின்றன.

போளூரின் விடியலைக் கூர்ந்து பார்த்தால் இந்த ஏற்பாடு அங்கே ஏன் பொருந்தாது என்பது விளங்கும். இந்தியப் பொது நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. போளூர் அதற்கு மேற்கே, 79.1 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில், அவ்வூரில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 14 நிமிட அளவிலேயே நிகழும். இந்தச் சராசரியும் ஆண்டு முழுவதும் நிலையாக நிற்பதில்லை. பூமி சூரியனை நீள்வட்டத்தில் சுற்றுவதாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும், சூரியன் சில மாதங்களில் கடிகாரத்தை முந்தியும் சில மாதங்களில் பிந்தியும் செல்கிறது. சமதரையில் ஒரு குச்சியை நட்டு நிழலைக் கவனித்து வந்தால், நிழல் நேர்வடக்கே விழும் கணம் நவம்பர் தொடக்கத்தில் 11.57க்கும் பிப்ரவரி நடுவில் 12.28க்கும் வருவதைக் காணலாம். இதன் விளைவாகப் பலரும் எதிர்பாராத ஒன்று நேர்கிறது: ஆண்டிலேயே மிகத் தாமதமான விடியல் மார்கழியில் வருவதில்லை, தை மாதத்தில், ஜனவரி பிற்பகுதியில், 6.40 அளவில் வருகிறது. மிக முந்திய விடியல் மே மாத இறுதியில், 5.47 அளவில். ஆக, போளூரின் விடியல் ஆண்டு முழுவதும் அலைவது 53 நிமிட இடைவெளிக்குள்தான். வேறுபாடே ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக இருக்கும் ஊரில் ஒரு மணி நேரத் திருத்தம் செய்வது, இல்லாத குறைக்கு மருந்து தேடுவதாகும்.

வெயில் மற்றொரு காரணம். லண்டன்வாசிக்கு மாலை வெளிச்சம் ஒரு கொடை. சித்திரையிலும் வைகாசியிலும் வட தமிழகச் சமவெளியில் இருப்பவருக்கோ பொழுது எப்போது சாயும் என்பதே கவலை. அமெரிக்காவின் மற்ற மாநிலங்கள் பெரும்பாலும் கடிகாரத்தை மாற்ற, பாலைவன மாநிலமான அரிசோனா 1968இல் இருந்து அதற்கு இணங்காமல் நிற்பதும் இதே காரணத்தால்தான்.

இத்திட்டத்தை முதலில் முன்வைத்தவர்களுள் ஒருவர் நியூசிலாந்தின் ஜார்ஜ் ஹட்சன். அஞ்சல் துறையில் பணியாற்றிக்கொண்டே பூச்சிகளைச் சேகரித்து ஆராய்ந்த அவர், வேலை முடிந்த பின் வெளிச்சம் போதவில்லை என்பதால் இரண்டு மணி நேரத் திருத்தம் ஒன்றை 1895இல் பரிந்துரைத்தார். லண்டனில் வீடு கட்டும் தொழில் நடத்திய வில்லியம் வில்லட், 1907இல் வெளியிட்ட சிறு நூலில், ஏப்ரல் மாதத்தின் நான்கு ஞாயிறுகளில் இருபது இருபது நிமிடமாகக் கடிகாரத்தை முன்னேற்ற வேண்டும் என வாதிட்டார். அதற்காக ஓயாது உழைத்த அவர் 1915இல் காலமானார். மறு ஆண்டே, 1916 ஏப்ரல் 30 அன்று, முதல் உலகப் போரில் நிலக்கரியை மிச்சப்படுத்தும் பொருட்டு ஜெர்மனியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் கோடை நேரத்தைக் கொண்டுவந்தன. மூன்று வாரத்தில் பிரிட்டனும் பின்தொடர்ந்தது. தன் நாட்டவர் ஒருவரின் யோசனையை எட்டாண்டுகள் எள்ளி ஒதுக்கிய நாடு, பகை நாடு செய்ததும் உடனே பின்பற்றியது கவனிக்கத்தக்கது.

இந்தியாவில் அக்காலத்தில் கடிகாரங்களை ஒருமைப்படுத்துவதே பெரும்பாடாக இருந்தது. 1792 முதல் சென்னை நுங்கம்பாக்கத்தில் இயங்கிய வானாய்வகத்தின் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்பட்ட சென்னை நேரத்தையே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாட்டின் ரயில்கள் பின்பற்றின. 1906 ஜனவரி 1 அன்று இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தபோது, சென்னை நேரம் அதைவிட 8 நிமிடம் 50 நொடி பிந்தியிருந்தது. கல்கத்தா தன் நேரத்தை 1948 வரையிலும் பம்பாய் தன் நேரத்தை 1955 வரையிலும் விடாமல் வைத்திருந்தன. சென்னை மாகாணத்தில் அத்தகைய பிடிவாதம் எழவில்லை. அன்று வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த போளூர், விழுப்புரம்–காட்பாடி ரயில் பாதையில் அமைந்த ஊர் என்பதால், ரயிலின் நேரமே ஊரின் அலுவல் நேரமுமாயிற்று.

அந்த நேரம்தான் 1942 செப்டம்பர் 1 அன்று ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. பர்மா ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த மண்ணெண்ணெய் நின்றுவிட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் விசாகப்பட்டினத்தின் மீதும் காக்கிநாடாவின் மீதும் குண்டுகள் விழுந்திருந்தன. கடற்கரை நகரங்களில் இரவு விளக்குகளை மறைக்கும் இருட்டடிப்பு நடைமுறையில் இருந்தது. மாலை வேலையை வெளிச்சத்திலேயே முடித்துவிட்டால் எரிபொருளும் மின்சாரமும் மிஞ்சும் என்பதே அரசின் கணக்கு. பிரிட்டன் கோடைக்கு முன்னேற்றிக் குளிர்காலத்துக்குத் திருப்பியதைப் போல இங்கே செய்யவில்லை; முன்னேற்றிய முள் 1945 அக்டோபர் 15 வரை, கோடை, மழை, பனி என எல்லாப் பருவத்திலும் அப்படியே நின்றது. ஆகவே இதைக் கோடை நேரம் என்பதைவிடப் போர்க்கால நேரம் என்பதே பொருந்தும்.

போளூரின் மேல் இதைப் பொருத்திப் பார்த்தால் விளைவு தெளிவாகிறது. 1943, 1944, 1945 ஆகிய ஆண்டுகளின் தை மாதத்தில் அவ்வூரில் பொழுது விடிந்தபோது கடிகாரம் காலை 7.40ஐக் காட்டியிருக்கும், பிப்ரவரியில் உச்சி வெயில் பகல் 1.28க்கு அடித்திருக்கும், ஜூலைத் தொடக்கத்தில் சூரியன் மறைந்தது இரவு 7.43 மணிக்கு. தாலுகா அலுவலகம், அஞ்சலகம், ரயில் நிலையம் ஆகியவற்றோடு தொடர்புடையோர் புதிய நேரத்தைப் பின்பற்றியாக வேண்டும். ஏர் பூட்டுவதையும் கமலை இறைப்பதையும் பொழுதைப் பார்த்தே தொடங்கும் உழவருக்கும், மலைமேல் சாமை விதைக்கும் மலையாளிப் பழங்குடியினருக்கும் ஆணை எதுவாயினும் விடியல் விடியலே. எரிபொருளை மிச்சப்படுத்தும் அரசாணை, மண்ணெண்ணெய் விளக்கைக்கூட அளந்து ஏற்றிய வீடுகளில் எதை மிச்சப்படுத்தியிருக்கும் என்பது நியாயமாக எழும் கேள்வி. அத்தகைய வீடுகள் எந்த ஆணைக்கும் முன்பே இருட்டியதும் உறங்கப் போய்விட்டன.

தமிழர் காலக்கணக்கில் இதற்கு விடை போன்ற ஒன்று நெடுநாளாக இருந்து வருகிறது. பஞ்சாங்கத்தில் நாள் என்பது நள்ளிரவில் பிறப்பதில்லை; சூரிய உதயத்தில் பிறக்கிறது. உதயத்திலிருந்து எண்ணப்படும் நாழிகையை உதயாதி நாழிகை என்பர். ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், ஒரு மணி நேரத்துக்கு இரண்டரை நாழிகை. விடியல் முந்தினால் கணக்கின் தொடக்கமும் தானே முந்திவிடுவதால், இம்முறையில் முள்ளைத் திருத்தும் தேவையே எழுவதில்லை. இராகு காலமோ இன்னும் ஒரு படி மேலே சென்று, உதயம் முதல் அத்தமனம் வரையிலான பகலை எட்டாகப் பகுத்து, அதில் ஒரு பங்கைக் கொள்கிறது. பகல் நீண்டால் பங்கும் நீளும், குறுகினால் குறுகும். வில்லட் நான்கு ஞாயிறுகளில் செய்ய நினைத்ததை இக்கணக்கு ஒவ்வொரு நாளும் ஓசையின்றிச் செய்துகொள்கிறது.

நாட்காட்டித் தாளில் அச்சிடப்படும் இராகு காலம் மட்டும் வேறு வகை. திங்கட்கிழமைக்கு ஏழரை முதல் ஒன்பது என்பது, காலை 6 மணிக்கு உதயம், சரியாகப் பன்னிரண்டு மணி நேரப் பகல் என்று வைத்துக்கொண்ட சுருக்கக் கணக்கு. போளூரில் ஜூன் 21ஐ ஒட்டிய திங்களுக்கு அது 7.26 முதல் 9.02 வரை என ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ஜனவரி பிற்பகுதியிலோ 8.06 முதல் 9.33 வரை என அரை மணிக்கு மேல் நகர்ந்துவிடுகிறது. போர்க்காலக் கடிகாரத்தில் அதே ஜனவரித் திங்களுக்கு 9.06 முதல் 10.33 வரை. தாளில் உள்ள மணியையும் சுவரில் உள்ள கடிகாரத்தையும் மட்டும் நம்பி நல்ல நேரம் பார்த்தவர்கள், அந்த மூன்றாண்டுகளில் இராகு காலத்திலேயே புறப்பட்டிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

இந்தச் சிக்கல் இன்று வாழ்வது டொரண்டோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் உள்ள தமிழ் வீடுகளில். டொரண்டோவில் ஜூன் 21ஐ ஒட்டிய திங்கட்கிழமையில், கோடை நேரப்படி உதயம் 5.36, பகல் 15 மணி 27 நிமிடம்; எட்டில் ஒரு பங்கு கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம்; இராகு காலம் 7.32 முதல் 9.28 வரை. டிசம்பரில் உதயம் 7.48, பங்கு 67 நிமிடமாகச் சுருங்கி, இராகு காலம் 8.55 முதல் 10.02 வரை. தமிழ்நாட்டுக்குக் கணித்த பஞ்சாங்கத்தை அங்கே அப்படியே புரட்டினால் பயனில்லை என்பதால், அந்தந்த ஊரின் அட்ச தீர்க்கரேகைக்கும் கோடை நேரத்துக்கும் ஏற்பக் கணித்த பஞ்சாங்கங்களே புலம்பெயர்ந்தோரிடையே புழங்குகின்றன. மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று அந்நகரில் உதயம் ஒரே இரவில் ஏறத்தாழ 6.40இலிருந்து 7.40க்குத் தாவுவதைப் பஞ்சாங்கக்காரர் கவனித்தாக வேண்டும். உலகிலேயே முதலில் ஓர் ஊர் முழுவதும் கோடை நேரத்தைப் பின்பற்றியதும், 1908 ஜூலை 1 அன்று, டொரண்டோ அமைந்த இதே ஒன்டாரியோ மாகாணத்தின் போர்ட் ஆர்தரில்தான்.

கடிகார மாற்றம் தமிழரின் அரசியலிலும் ஒருமுறை புகுந்தது. 1996இல் இலங்கையில் மழை பொய்த்து நீர்மின் தேக்கங்கள் வற்றியபோது, மின்சாரத்தை மிச்சப்படுத்த மே 25 அன்று கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னேற்றப்பட்டது. அக்டோபர் 26 அன்று அதில் அரை மணி நேரம் திருப்பப்பட்டது. எஞ்சிய அரை மணி நேரம் 2006 ஏப்ரல் 15 வரை நீடித்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இம்மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தன. இதனால் சிறிய தீவொன்றில், ஒரே தீர்க்கரேகையில், இரண்டு நேரங்கள் பத்தாண்டுகள் ஓடின. 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் ஏ9 சாலை திறந்தபோது, ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடப்பவர் கடிகாரத்தையும் அரை மணி நேரம் கடக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ சூரியன் இதில் எந்தத் தரப்பையும் சாரவில்லை. பகல் நீளம் ஆண்டு முழுவதும் அங்கே போளூரைவிடக் குறைவாகவே மாறுகிறது. வறட்சியில் தொடங்கிய ஓர் ஆணை, எவருடைய ஆட்சி எதுவரை என்பதைக் காட்டும் எல்லைக்கல்லாக மாறிய விந்தை இது.

மின்சாரம் உண்மையில் மிஞ்சுகிறதா என்பதில் ஆய்வுகள் அவ்வளவு உற்சாகம் தருவனவாக இல்லை. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பல மாவட்டங்கள் 2006இல்தான் கோடை நேரத்துக்கு மாறின. அதற்கு முன்னும் பின்னும் இருந்த வீட்டு மின் கட்டணங்களை ஒப்பிட்ட பொருளியல் ஆய்வு, விளக்குச் செலவு குறைந்தாலும் குளிர்சாதனச் செலவு அதைவிடக் கூடி, மொத்த நுகர்வு ஏறத்தாழ ஒரு விழுக்காடு உயர்ந்ததைக் காட்டியது. உறக்கம் ஒரு மணி நேரம் பறிபோகும் மார்ச் வாரத்தில் மாரடைப்புகள் சற்றே கூடுவதை ஸ்வீடன் நாட்டுப் பதிவுகள் காட்டின. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019 மார்ச்சில் இவ்வழக்கத்தைக் கைவிட வாக்களித்தும், உறுப்பு நாடுகள் எந்த நேரத்தில் நிலைப்பது என்பதில் உடன்படாததால் முள் இன்றும் நகர்கிறது. ஒன்டாரியோ 2020இல் நிலையான கோடை நேரத்துக்குச் சட்டம் இயற்றிவிட்டு, அண்டையிலுள்ள கியூபெக்கும் நியூயார்க்கும் இணங்கினால்தான் நடைமுறை என்று நிபந்தனையும் வைத்துக்கொண்டது.

நியூயார்க்கின் முள் நகரும்போது சென்னையின் இரவுப்பணியும் நகர்கிறது. குளிர்காலத்தில் இந்தியாவுக்கும் நியூயார்க்குக்கும் பத்தரை மணி நேர வேறுபாடு. மார்ச் முதல் நவம்பர் வரை ஒன்பதரை. அமெரிக்கப் பங்குச் சந்தை இந்திய நேரப்படி இரவு 8 மணிக்குத் திறப்பது, கோடையில் 7 மணிக்குத் திறக்கிறது. அமெரிக்கா மாறி லண்டன் இன்னும் மாறாத மார்ச் மாத இடைவாரங்களில் இரண்டையும் பார்த்து வேலை செய்வோர் படும் பாடு தனி. போளூரிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் மென்பொருள் வேலைக்குப் போன இளைஞரின் பணி நேரம், தன் நாட்டில் எவரும் முள்ளைத் தொடாமலே ஆண்டுக்கு இருமுறை மாறுகிறது.

ஜவ்வாது மலைமேல் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகம் இந்தக் குழப்பத்துக்கு வெளியே நிற்கிறது. வானியலார் தம் பதிவுகளை உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றனர். தொலைநோக்கியைத் திருப்ப, விண்மீன்களைக் கொண்டு அளக்கப்படும் விண்மீன் நேரத்தைப் பயன்படுத்துகின்றனர். அதில் ஒரு நாள் என்பது 23 மணி 56 நிமிடம் 4 நொடி. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் ஒளி முன்னும் பின்னும் விட்டுவிட்டு மங்கியதைப் பதிந்த ஆய்வகங்களுள் காவலூரும் ஒன்று. வெவ்வேறு இடங்களில் அந்த மங்கல்கள் நேர்ந்த கணங்களை ஒரே நேர அளவில் ஒப்பிட்டபோதே கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது உறுதியாயிற்று.

இந்தியாவில் நேரத்தை மாற்றும் கோரிக்கை ஓயவில்லை. அதன் ஊற்று பெரும்பாலும் கிழக்கே இருக்கிறது. அசாமில் ஜூன் மாதத்தில் நான்கரை மணிக்கே விடிந்துவிடுவதால், தேயிலைத் தோட்டங்கள் பொது நேரத்தைவிட ஒரு மணி நேரம் முந்திய தோட்ட நேரத்தை நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கின்றன. தேசிய இயற்பியல் ஆய்வகம் 2018இல் வடகிழக்குக்குத் தனி நேர மண்டலம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு அதை ஏற்கவில்லை. பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சென் குப்தாவும் அகுஜாவும் முன்வைத்தது நடுவழி: நாடு முழுவதற்கும் கடிகாரத்தை நிலையாக அரை மணி நேரம் முன்னேற்றிவிட்டால், மாலை நேர மின்தேவையில் ஆண்டுக்கு 200 கோடி யூனிட்டுக்கு மேல் மிஞ்சும் என்பது அவர்கள் கணிப்பு. ஆண்டுக்கு இருமுறை மாற்றும் தொல்லை இதில் இல்லை என்பது பெரிய நன்மை. அப்படி ஒரு முடிவு வந்தால் போளூரில் தை மாத விடியல் 7.10க்கும், ஆடி மாதத் தொடக்கத்தில் பொழுது சாய்வது 7.10க்குச் சற்று முன்பின்னாகவும் அமையும். அசாமுக்கு அது போதாது. குஜராத்தின் மேற்கு முனையில் குளிர்காலப் பள்ளிப் பிள்ளைகள் இருட்டில் புறப்பட வேண்டியிருக்கும். போளூரில் மாலைக்கு அரை மணி நேரம் கூடி, தை மாதக் காலைக்கு அதே அரை மணி நேரம் குறையும்.